பதினொன்றாவது வார்டு

மேல் கட்டில் தவசிலிங்கத்துடையது.
கீழ்க் கட்டில் எனக்கு.
அவர் புரண்டு படுத்தால் என் தூக்கம் போகும்.

மினா அப்துல்லா எண்ணெய் ஆலையில்
சாரம் கட்டும் ஃபோர்மேன்.
ஃபஹாஹீலில், வெள்ளிக்கிழமை மட்டும்,
கட்சியின் குவைத் கிளைத் துணைச் செயலாளர்.
கூட்டம் போட இங்கே அனுமதி இல்லை;
ஆகவே ரத்த தானம் செய்தோம்.
தலைவர் பிறந்தநாள், தலைவர் அப்பா நினைவுநாள்,
இடைத்தேர்தல் வெற்றி.
எங்கள் அறையில் மூன்று பேருக்கு
ஹீமோகுளோபின் குறைந்தது.

பத்தொன்பது வருடம், மாதம் மூன்று தினார்.
தேர்தல் வந்தால் முப்பது.
ரசீதெல்லாம் பிஸ்கட் டப்பாவில்.
ஒருநாள் வட்டியோடு வரும் என்பார்.
எந்த வட்டி என்றால்
பதினொன்றாவது வார்டு என்பார்.

விருப்ப மனுவுக்குப் பணம் கட்டினார்.
மாவட்டச் செயலாளர் வீட்டுக்கு
அறுபத்தைந்து இஞ்ச் டிவி, கார்கோவில்.
அது கப்பலில் இருக்கும்போதே
வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.
இரண்டு நாள் குப்பூஸ்கூடத் தொடவில்லை.
மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து,
"காளீஸ்வரி இருக்காளே" என்றார்,
தொலைந்த சாவி சட்டைப்பையிலேயே
கிடைத்துவிட்டதைப் போல.

சுவரொட்டியில் கைகூப்பி அவர்,
வாடகைக் கோட்டில், ஆளுயரம்.
ஓரத்தில் ஸ்டாம்ப் அளவில் வேட்பாளர்.

எண்ணிக்கை தொடங்கியபோது
எங்களுக்கு விடியற்காலை ஐந்தரை.
கீழே வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தோம்.
ஜெயித்தோம் என்றுதான் சொன்னோம்,
ஒருவன் விரலிலும் மை இல்லாமல்.

முதல் மாதம் ஒவ்வொரு காகிதத்தையும்
கேமராவில் காட்டினாள்.
இங்கே போடு, அங்கே போடாதே என்றார்.
மூன்றாம் மாதம், "கூட்டத்துல இருக்கேன்."
ஐந்தாம் மாதம்
என் தம்பி தெருக் குழாய்க்காகப் பேசினார்.
"மனு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க,
வரிசை இருக்கு."
என்னிடம், லைன் சரியில்லை என்றார்.

போன வாரம் அவளே அழைத்தாள்.
அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்,
ஸ்பீக்கரில் போட்டார்.
"ஒண்ணு கேக்கணும். உங்க வேலை விஷயம்.
பன்னெண்டு மீட்டர் தண்ணித்தொட்டி.
வெளிப்பூச்சுக்குச் சாரம் கட்ட
எத்தனை பைப்பு வேணும்?"

பத்தொன்பது வருடத்தில்
கட்சியில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி.
குரலே மாறிவிட்டது.
தரை மண்ணா சிமென்ட்டா, தொட்டி என்ன அகலம்,
கடல் பக்கமா, காற்று எப்படி?
காலி அட்டைப்பெட்டியைக் கிழித்து
வெங்காயக் கையோடு கணக்குப் போட்டார்.
"நூத்தி நாப்பது. கிளாம்ப் முன்னூறு.
என் பையங்கன்னா ரெண்டு நாள்."

அந்தப் பக்கம் எழுதும் சத்தம்.

"பில்லுல அறுநூறு பைப்பு.
இருபத்தி நாலு நாள் வாடகை."

கான்ட்ராக்டர் யார் என்று அவள் சொல்லவில்லை.
எங்களுக்கே தெரியும்:
அந்த டிவி மாட்டியிருக்கும் வீட்டு மச்சினன்.
அறைக்கு வெளியே ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குத் தீர்மானம்.
சொல்லுங்க, அறுநூறு வேணுமா?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
அந்தப் பக்கம் வேறு விடை இருப்பதுபோல.
"வேணாம் காளி" என்றார்.

பைப் வேண்டாம் என்றாரா,
பேச வேண்டாம் என்றாரா?
அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அவள் கேட்கவே இல்லை.
"சரி, குறிச்சிக்கிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் இரவு விளக்கணைத்த பிறகு
மாவட்டத்திலிருந்து அழைப்பு.
போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.
அதிர்வு இரும்புக் கட்டிலில் இறங்கி
என் பல்வரை வந்தது.
நின்றது. மறுபடி வந்தது.
நான்கு தடவை எண்ணினேன்.

மேலே
அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.