மூன்று டிகிரி

எட்டு வருஷம் அதற்குள் மீன் கிடந்தது.
அறக்குளா, பாரை,
நல்ல மாதங்களில்
வாலை மடித்து அடைத்த ஒரு தளபத்து.
படகை விற்ற கிழமை
பிறீசரை மட்டும் நான் விற்கவில்லை.
கேட்டு வந்தவன் சொன்ன விலைக்கு
மூடியைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

உப்பில் துருவேறிய பிணைச்சல்,
ஓரத்து ரப்பரில் கறுப்புப் பூஞ்சணம்.
ஆனாலும் பிளக்கைச் செருகினால்
பழைய எஞ்சின்காரன் மாதிரி
ஒரு தரம் செருமிவிட்டு வேலையைத் தொடங்கும்.

கிளமெண்டுக்கு அதில் வேறு கண்.
ஒவ்வொரு போயாவுக்கும் கடை பூட்டு,
ஒவ்வொரு போயாவுக்கும்தான் அவருக்குத் தாகம்.
நிலாவெளியில் மூடிப்போன ஹோட்டலின் ஏலத்தில் எடுத்த
இரண்டு எவர்சில்வர் பீப்பா, ஒரு காஸ் சிலிண்டர்,
மூக்கு நீண்ட பித்தளைக் குழாய்
எல்லாம் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கியபோது
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
"அழாதே பிலோ, மலிவுதான்" என்றார்.

பாலையூற்றிலிருந்து பார்த்தலட் வந்தார்,
காதில் பென்சில், பையில் துறப்பணம்.
பக்கச் சுவரில் ஒரு துளை,
குழாயைச் செருகினால் முடிந்தது என்று
இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.
நான் குறுக்கே நின்றேன்.
அந்தச் சுவருக்குள் நரம்பு ஓடுகிறது.
பனி முதலில் எங்கே பூக்கும் என்று
விடிய நாலு மணிக்கு மூடி திறந்து பார்த்தவள் நான்.

நம்பவில்லை.
கோதுமை மாவைச் சாராயத்தில் கரைத்தேன்
(அவருடைய சாராயம்.
அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்).
வெளிச்சுவர் முழுக்கப் பூசிக் கரண்ட் கொடுத்தோம்.
சூடு ஓடிய வழியெல்லாம் மா உலர்ந்து
ஈரச் சாம்பல் நிறத்துக்கு நடுவில்
வெள்ளைக் கோடு ஒன்று எழும்பியது,
வளைந்து, திரும்பி,
மறுபடி வளைந்து.
மூன்று பேரும் பேசவில்லை.
உயிருள்ள ஒன்றின் விலாவில்
கைவைத்துவிட்டவர் போல
பார்த்தலட் துறப்பணத்தைப் பைக்குள் திருப்பி வைத்தார்.

பிறகு மூடியைக் கழற்றி
உடலுக்கும் மூடிக்கும் இடையில்
முதிரைப் பலகையால் ஒரு கழுத்து செய்தார்.
ஆறங்குல உயரம். துளை அதில்தான்.
இரண்டு ஞாயிறு பூசை தவறியது.
மரத்தூள் சோற்றிலும் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை.
கழித்தல் பதினெட்டுக்குப் பிறந்த சாமான் அது,
விட்டால் பியரையும் பாறையாக்கும்.
ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர்,
வயர் நுனியில் தண்ணீர்ப் போத்தலுக்குள் தொங்கும்
ஒரு செப்பு விரல்.
மூன்று டிகிரிக்கு இறங்கினால் கரண்டை நிறுத்தும்,
ஏறினால் கொடுக்கும்.
முதல் இரவு விழித்துக் கிடந்தேன்.
மூச்சுவிடாமல் உழைத்த ஒன்று
பாதி நேரம் சும்மா இருந்தது.
எனக்கும் நாலு மணிக்கு எழும்ப
எந்த வேலையும் இல்லை.

வினாகிரி, தேசிக்காய், அப்பச்சோடா,
சட்டி நிறையக் கரி.
நாற்றத்தை அவ்வளவுதான் துரத்த முடிந்தது.

போயாவுக்கு முதல்நாள் இரவு குழாயைத் திறந்தார்.
முதல் கிளாஸ் முழுக்க நுரை.
இரண்டாவதும். மூன்றாவது அவருடைய சட்டையில்.
பைப் கட்டை என்றார் பார்த்தலட்,
பத்தடி பைப்பைச் சுருட்டி உள்ளே வைத்து
ரோச் லைட்டை என் வாயில் கவ்வவைத்து
அவர்கள் கிளிப் முறுக்கி முடிக்க
மணி பன்னிரண்டைத் தாண்டி
போயா பிறந்துவிட்டது.
டச்சுக்குடாப் பக்கம் நிலவு
கூசாமல் நின்றது.

இந்த முறை பொன்னாய் இறங்கியது, மேலே இரண்டு விரல் வெள்ளை.
பார்த்தலட் ஒரு மிடறு குடித்தார், கண்ணை மூடினார்.
"பிலோ," என்றார், "கொஞ்சம் அறக்குளா."
கிளமெண்டுக்குக் கோபம்.
நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன்.
உண்மைதான்.

மீன் வெட்டும் நேரத்துக்கு வந்து பழகிய பூனை
அடுத்த நாளும் வந்தது.
குழாயின் கீழ்த் தட்டில் சொட்டியதை நக்கி,
தும்மி,
பிறீசரை ஒருமுறை சுற்றி வந்து உட்கார்ந்து
என்னைப் பார்த்தது,
விலை கேட்டு வந்தவனை
அன்றைக்கு நான் பார்த்த மாதிரி.