சமையல் தராசில் மை

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைத் திருப்பி அனுப்பவேண்டும்.
இரண்டும் மூன்று வாரத் தவணையில்
பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்தவை.
சாட்ஸ்வர்த்தில், முடி வெட்டும் கடைக்கும்
ரொட்டியைக் குடைந்து கறி நிறைக்கும் கடைக்கும் நடுவே
என் ஸ்டூடியோவில்
இப்போது நிற்க இடமில்லை.

மைக்குப்பிகளின் எண்ணிக்கையே பெயர்:
இவன் பன்னிரண்டு, அவன் பத்து.

தடித்த பருத்திக் காகிதத்தைப்
பன்னிரண்டு வாங்கும் அழகே தனி.
கோயில் பந்தியில் இலை போடுகிறவன் கை.
ஒரு மயிரிழை கோணாது.

பத்துக்கு ஒவ்வொரு தாளாக
முதுகுப்பக்கம் ஊட்டவேண்டும்.
மூன்றில் ஒன்றைத் துப்பும்.
'காகிதம் இல்லை' என்று மின்னும்,
வாயில் காகிதத்தை வைத்துக்கொண்டே.

சரி, முடிந்தது கதை என்றிருந்தேன்.
பிறகு மின்வெட்டு வந்தது.
தினம் இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு.
வெளிச்சம் திரும்பும் ஒவ்வொரு முறையும்
பன்னிரண்டு வாய் கொப்பளித்தது,
ஒரு படமும் அச்சிடாமல்.

கழிவுமைத் தொட்டியைக் கழற்றி
மிளகாய்த்தூள் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
வந்த நாளைவிட நூற்று நாற்பத்தாறு கிராம் கூட.
பத்தின் தொட்டியில் முப்பத்தொன்று.
ஒரு கல்யாண ஆல்பத்தைப்
பஞ்சு குடித்துவிட்டது.
தராசின் விளிம்பில் ஒட்டிய நீலம்
புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

இதற்கிடையில் திரோஷா படையாச்சியின் படம்.
முழங்கை நீளம், மணக்கோலம்.
கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடு என்று
அத்தைக்காரி போனில் சொன்னாள்.
கணக்குக்காக இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.
உள்ளபடி: ஒன்று புள்ளி ஒன்பது மில்லி.
வெளுத்தது: ஒன்று புள்ளி மூன்று.

வெளுப்புக்குக் குறைவாகச் செலவாகும் என்று
இந்த நாட்டில்
இப்போதுதான் முதன்முறை கேள்விப்படுகிறேன்.

உள்ளபடி இருந்ததைப் பத்தில் போட்டேன்.
ஜனவரிப் புழுக்கம், கடல் ஈரம்.
தாளின் ஓரம் அப்பளம்போலச் சுருண்டு
மைத்தலையில் உரசி
இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.
கிழிக்கப் போனேன்.
மருத்துவமனைச் சீருடையோடு
வாசலில் வந்து நின்றாள் அவளே.

ஆங்கிலம் தவிர வேறு பேசாதவள்.
படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள்.
திருஷ்டிப் பொட்டு, என்றாள்.
அந்த ஒரு சொல் மட்டும் தமிழ்.
கிழிக்காதே, இதுதான் வேண்டும்.
வெளுத்ததை அத்தைக்குக் கொடு,
தபால் அட்டை அளவில்.
அப்புறம், பொட்டு விழுந்ததற்கு
விலையைக் குறைக்கவும் சொன்னாள்.

குறைத்தேன்.

வெள்ளி மதியம் தள்ளுவண்டியோடு ம்லுங்கிசி.
எது, அக்கா?

காகிதம் பிடிக்கத் தெரியாதவனுக்கு
என் கை இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம்.
இருட்டில் குடிக்கிறவனுக்குக்
காவலா இருக்க முடியும்?

பன்னிரண்டை ஏற்றினான்.
படியிறங்கும்போது கூடக் கோணாமல் போனது.
கொஞ்சம் வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

உள்ளே வந்தேன்.
மின்னிக்கொண்டிருந்தது பத்து:
காகிதம் இல்லை.
குனிந்து பார்த்தேன்.
இருந்தது.