உண்ணி

வேலி கட்டப் போன ஜூன் மாதம்
முழங்கால் மடிப்பில் ஒட்டியிருந்தது.
முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி.
எள்ளளவு.
பிய்த்து, பூட்ஸில் தேய்த்து, மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து
ஸ்டேக் தின்ற ராத்திரி, இரண்டு மணிக்கு
உள்ளங்கை அரித்தது.
பிறகு உதடு. பிறகு தொண்டை.
ட்வைலா ட்ரக்கை ஓட்டினாள்,
நாற்பது மைல், வெறுங்காலோடு.

"இனிமேல் மாடு, பன்றி, ஆடு எதுவும் கூடாது"
என்றார் டாக்டர்,
நூற்றுப் பன்னிரண்டு மாடு வைத்திருப்பவனிடம்.
"கோழி தின்னலாம்."
பதினோரு வருஷம் கோழிக்கொட்டகையில்
செத்ததைப் பொறுக்கி வாளியில் போட்டவனிடம்.

ஹார்லன் கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்தேன்.
பீன்ஸில் பன்றிக்கொழுப்பு.
சோள ரொட்டி மாவில் பன்றிக்கொழுப்பு.
கீரை டப்பாவில், ஏனென்று கேட்காதீர்கள்,
பன்றி இறைச்சித் துண்டு.
வாயில் கரையும் வெள்ளை மிட்டாய்
யாருடைய எலும்பிலிருந்தோ வந்தது.
ஐம்பத்தெட்டு வருஷம்
படிக்காமலே தின்றிருக்கிறேன்.

ஹார்லன் நல்லவன்.
டோஃபு வரவழைத்தான், ஒரு பெட்டி, பன்னிரண்டு கட்டி.
வைக்க இடமில்லையென்று
தூண்டில் புழு வைக்கும் குளிர்பெட்டியில் வைத்தான்.
புழு மூன்று டாலர், டோஃபு நான்கு.
"இது எந்த மீனுக்கு?" என்று
ஒரு பையன் கேட்டானாம்.

முதல் கட்டியை ஸ்டேக் மாதிரியே சுட்டேன்.
பாதி கம்பியில் ஒட்டிக்கொண்டு நெருப்பில் விழுந்தது.
மீதி,
மழையில் கிடந்த அழிரப்பர்.
நாய் முகர்ந்தது.
என்னை ஒருமுறை பார்த்தது.
கொட்டகைப் பக்கம் போய்விட்டது.

சாப்பாட்டு மேஜை ஜன்னலுக்கு வெளியே,
ரோட்டைத் தாண்டினால்,
எண்ணூறு ஏக்கர் சோயா.
அறுத்து, லாரியேறி, ஆற்றில் படகேறி
எந்தக் கடலோரப் பன்றிக்கோ தீனியாகப் போகிறது.
ஒரு பிடி இந்த ஊர்த் தட்டில் விழுந்து
நான் பார்த்ததில்லை.
வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது
ஊருக்குள் அலைந்தான்.
நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு எழுபது மைல் போனேன்.

பா ஹுவா எரு வாங்க வந்தாள்.
ரெண்டு மைல் தள்ளிக் கோழிப்பண்ணை,
மிசௌரிக்கு வந்து குடியேறிய ஹ்மோங் குடும்பம்.
சிங்க்கில் மிதந்த கட்டியைப் பார்த்தாள்.
"பிழியவே இல்லையா?" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை
எருவுக்கான காசோடு ஒரு ஐஸ்கிரீம் வாளி.
கொட்டகைக்குப் பின்னால் அவள் விதைத்த நாலு வரிசை சோயா,
அன்றைக்கே அரைத்து, உறைய வைத்து,
இன்னும் சூடாக.
ட்ரக் முன்பக்கத்தில் வைத்து, நின்றபடி,
உப்பும் அவள் இடித்த மிளகாயும் தொட்டுக்கொண்டேன்.
பால் குடித்த கன்று
முகத்துக்கு நேரே மூச்சு விட்டால் வருமே,
அந்த வாசனை.
வாளியை வழித்தேன்.
ட்வைலாவுக்கு மிச்சம் வைக்கவில்லை,
அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது பிழியத் தெரியும்.
துணியில் சுற்றி, மேலே வேலி ஆணி டப்பா,
ஒரு மணி நேரம்.
சோளமாவில் புரட்டி
இரும்புச் சட்டியில், கடலை எண்ணெயில்,
ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை
தொடாமல் விட வேண்டும்.
தொடாமல் விடுவதுதான் கஷ்டம்.

நவம்பரில் ஏலத்துக்கு இருபது மாடு ஓட்டிப் போனேன்.
நல்ல விலை.
கேன்டீனில் எல்லோரும் பர்கருக்கு வரிசையில் நிற்க,
காகிதத்தில் சுற்றிய ரொட்டியைப் பிரித்தேன்.
கார்வின் பக்கத்தில் உட்கார்ந்தான்.
கேட்காமலே ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டான்,
மென்றான்,
இன்னொன்றும் கிள்ளினான்.

"கெளுத்தியா?"

"ஆமாம்" என்றேன்.

"எந்த ஆற்றில்?"