தொலைந்த பந்துக்கு எண்பத்தைந்து ரூபாய்

யோகநாதன்,
நீ மட்டை பிடித்த ஞாயிறுகளில்
எனக்கு வருமானம் இல்லை.

கைகாட்டிக்குக் கீழே, மூன்றாவது டிவிசனில்
செடி பிடுங்கிய சரிவைக் கொத்திச் சமன்செய்து
மைதானம் என்று சொல்லிக்கொண்டோம்.
மேட்டுப் பக்கம் கொஞ்சம் தட்டை.
மற்ற மூன்று பக்கமும் தேயிலை,
அதற்கும் கீழே மேகம்.
தூக்கி அடித்தவன் அவுட் இல்லை.
பந்து கிடைக்காவிட்டால்
அவன் வீட்டுக் கணக்கில் எண்பத்தைந்து ரூபாய்.
கிடைத்தால் எனக்கு இரண்டு.

பத்து வயதிலேயே காது பழகிவிட்டது.
முற்றிய இலையில் விழுந்தால் ஒரு சத்தம்,
சில்வர் ஓக்கில் பட்டால் இன்னொன்று,
கானில் விழுந்தால் சத்தமே வராது.
ராயப்பன் ஆடினால் பத்து ரூபாய் நிச்சயம்.
அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு
அவனுக்காக மாதாவிடம் வேண்டியிருக்கிறேன்,
எங்கள் வீட்டில் மாரியம்மன்தான் என்றாலும்.

நீயும் ஒருமுறை தூக்கி அடித்தாய்.
உனக்குப் பதினான்கு.
மூடுபனி ஏறிக்கொண்டிருந்த நாலு மணி.
எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
நான் கேட்டேன்:
நாலாம் நிரை, கானுக்கு இந்தப் பக்கம்.
போனேன். எடுத்தேன். சுட்டது.
பந்து சுடாது, தெரியும். ஆனாலும் சுட்டது.
அன்றைக்குத்தான் பிரித்த பந்து.
அப்படியொரு சிவப்பை
எங்கள் லயத்தில் யாரும் உடுத்தியதில்லை.
பாவாடையில் சொருகிக்கொண்டு வந்து
"கிடைக்கல" என்றேன்.

உன் அப்பாவுக்கு நாள்கூலி இருபத்து மூன்று.
மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை
எல்லார் முன்னாலும் தொகையை வாசித்தார்.
நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
வரிசையின் ஓரத்தில் நின்றாய்.
நான் அம்மாவின் கூடைக்குப் பின்னால்.

அதற்குப் பிறகு உன் பந்து
தரையை விட்டு எழவே இல்லை.

கோவை லீக். சேப்பாக்கம்.
பிறகு வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்கள்.
டிவியில் கோட் போட்டவர்கள் சொன்னார்கள்,
புல்லை வருடிப் போகிறது என்று,
மணிக்கட்டில் சங்கீதம் என்று.
யோகி என்று பேரைச் சுருக்கி
பதறாதவன் என்று பொருளும் சொன்னார்கள்.
எண்பத்தைந்து ரூபாய் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

கேப்டன் ஆனாய். இருபத்தோரு டெஸ்ட், ஒன்பது வெற்றி.
எதிராளி அடித்த சிக்ஸர் கூட்டத்துக்குள் போனால்
அது திரும்பி வரும்வரை
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய்.
எனக்கு மட்டும் அந்த நிற்றல் தெரியும்.

அந்த இறுதிப் போட்டி.
ஃபேக்டரியில் எனக்கு இரவு ஷிப்ட்,
டிரையரை நிறுத்த முடியாது,
சூப்பர்வைசரின் போனைத் தூள் மூட்டைமேல் சாய்த்துவைத்தோம்.
ஒரு பந்து, ஆறு ரன்.
இடுப்பளவில் ஃபுல்டாஸ். ராயப்பனுக்கு அது லட்டு.
நீ மண்டி போட்டுக் கவரைப் பிளந்தாய்.
அவ்வளவு அழகு.
நான்கு.
ஒரு ரன்னில் தோற்றோம்.
யாரோ உன் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
நான் டிரையரில் சூடு பார்க்கப் போய்
வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

பதவி போயிற்று. மறுவருடம் நீயே போனாய்.

போன சித்திரையில், நம் மைதானத்துக்கு
கம்பிவலை கட்டித் திறக்க வந்தாய்.
"ஒரு சிக்ஸர் சார்" என்று பையன்கள் கத்த,
சிரித்துக்கொண்டே தரையோடு தட்டினாய்.
கார்ப் பக்கம் கூட்டம் குறைந்த பிறகு
கைப்பையிலிருந்து பந்தை எடுத்து நீட்டினேன்,
கூடவே எண்பத்தைந்து ரூபாய்.
பேச வாய் வரவில்லை.
நீ தையலைக் கட்டைவிரலால் நெருடினாய்.

"நாலாம் நிரைதானே?"

"கானுக்கு இந்தப் பக்கம்" என்றேன்.

நோட்டுகளை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டாய்.
பிறகு சட்டைப்பையைத் துழாவினாய்.
சில்லறை இல்லை.
டிரைவரிடம் கேட்டு வாங்கி
எனக்கு இரண்டு ரூபாய் கொடுத்தாய்.