பார்த்தோர் 612

இலவச வார்ப்புருவில் ஏற்கெனவே ஒரு கல்லூரி இருந்தது.
புல்வெளி, குளிர்காலக் கோட்டு,
யாரையும் பார்க்காமல் சிரிக்கும் நான்கு பேர்.
முதலில் அவர்களை அழித்தேன்.
அங்கே எங்கள் பஸ் ஸ்டாப்பை வைத்தான் லிதின்.
நாலு எம்பி படம்,
பஸ் வேலந்தாவளம் தாண்டும்வரை திறக்கவில்லை.
சுருக்கச் சுருக்க
ஊர்ப்பலகை மங்கி எறும்பு வரிசை ஆயிற்று.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் லேபுக்கு
இணையம் கேரளம்,
ஜன்னலோரம் போனால் என் போன் தமிழ்நாடு.
டவர் அப்படி.
மெனுவில் ஒரு பொத்தானுக்குத்தான் இடம்.
செய்தி என்றேன்.
வார்த்த என்றாள் ஷிம்னா.
அவள் மொழியில் அதுதான் செய்தி,
என் மொழியில்
கொடுத்துவிட்டால் மீறக் கூடாதது.
இரண்டையும் போட்டோம்.
பொத்தான் இரண்டு வரியாகி
சின்னப் போன்களில் தேதியின்மேல் ஏறி உட்கார்ந்தது.

எழுத்துரு தனித் தலைவலி.
'கொ' உடைந்து
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
இங்கே ஓர் எழுத்து வந்திருக்க வேண்டும் என்று.
கொக்கு, கொசு, எங்கள் ஊர்
எல்லாம் அன்று துண்டு துண்டு.
ராத்திரி பதினொன்றரைக்கு ஷிம்னாவின் அண்ணன்
ஷார்ஜாவிலிருந்து ஒரே ஒரு வரியை மாற்றினான்.
ஊர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் செய்தி வந்தது.
விடுதித் தண்ணீரில் புழு.
ஹாரிஸ் எழுதினான்,
டேங்கர் லாரிக்காரர் பெயரோடு.
தலைப்பை முப்பத்தாறு பிக்சலில் வைத்தது நான்.
பெயர் இரண்டாம் வரியில் தனியாக விழுந்தது,
பார்க்க நன்றாக இருந்தது,
அப்படியே விட்டேன்.
முப்பது பேர் வந்தால் அதிகம் என்கிற தளம்,
அடியில் எண் ஓடியது:
பார்த்தோர் 612.
கேன்டீனில் ஆளுக்கொரு பப்ஸ்.

லாரி அவருடையது இல்லை.
நம்பர் பிளேட்டின் எட்டில் சேறு,
ஹாரிஸ் மூன்று என்று படித்திருக்கிறான்.
கோபாலபுரம் துரைச்சாமி
போனில் கத்தவில்லை.
"ஏனுங் பாப்பா,
கீழ அறுநூத்திப் பன்னண்டுன்னு போட்டிருக்குதே,
அத்தன பேருத்துக்கும் எப்படிச் சொல்லுவீங்க?"

வார்ப்புருவில் விளையாட்டுக்குப் பெட்டி உண்டு.
கலை, கருத்து, வானிலைகூட.
தப்பு செய்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.
"கட்டுரையத் தூக்கிரலாம்" என்றான் லிதின்.
தூக்கினால்
'பக்கம் கிடைக்கவில்லை' என்று வரும்,
பெயர் மட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.
"கடைசியில சின்னதா, சாய்வெழுத்துல" என்றான் ஹாரிஸ்,
யார் முகத்தையும் பார்க்காமல்.

வானிலையைக் கழற்றினேன்.
அதே சுட்டி, அதே பக்கம்,
எல்லாவற்றுக்கும் மேலே, அதே முப்பத்தாறில்:
தவறாக எழுதினோம்.
லாரி துரைச்சாமியுடையது அல்ல.
சின்னப் போனில் திரை முழுக்க இதுதான்,
செய்தியைப் பார்க்க இரண்டு தடவை தள்ள வேண்டும்.
தள்ளட்டும்.

மூன்று நாளாயிற்று.
விடுதிக் குழாயில் இன்னும் அதே தண்ணீர்.
அதை மறுபடி எழுத வேண்டும்,
இந்தத் தடவை சேற்றைத் துடைத்துவிட்டு.
எண் 631.
புதிதாக வந்தவர்கள் பத்தொன்பது,
அதில் ஆறு நான்.

செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கிற நேரம்,
யாராவது போனை எடுப்பார்கள்.
மறுபடி திறக்கிறேன்.
632.
இதுவும் நானேதான்.