காலி எடை

மின்னாம்பள்ளி எடைமேடையில் பதினோரு வருஷம்.
லாரி ஏறும், சீட்டு அடிப்பேன்.
சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை.
கழித்தால் மிஞ்சுவதுதான் நிஜம் என்பது
இந்த மிஷின் எனக்குக் கொடுத்த புத்தி.

மாசியில் ஜவ்வரிசி மூட்டை விலை சரிந்தது.
யாரும் நம்பவில்லை.
பங்குனியில் ஆத்தூர் ரோடு ஓரம்
லாரிகளில் நின்றபடியே கிழங்கு கறுத்தது.
சித்திரையில் வரிசையே இல்லை.

டீயை ஆற்றிக்கொண்டே பரந்தாமன் மில்காரர் சொன்னார்:
"மாவுத்தொட்டி மாதிரிதாம்மா சந்தை.
கலக்கிவிட்டுச் சும்மா இருக்கணும்.
கனமானது அடியில தங்கும்.
மத்ததெல்லாம் தண்ணியோட போயிரும்."
மாமனார் எழுதிக்கொடுத்த ஆறு ஏக்கர் பாக்குத்தோப்பு
எந்தச் சீட்டிலும் ஏறாத எடை.

அர்த்தநாரி மில் நாற்பத்து மூன்று நாள் தாங்கியது.
பாயிண்ட் இருபத்தெட்டு என்றால்
இருபத்தெட்டுக்கே காசு கொடுத்தவர்.
மக்காச்சோள மாவு கலக்கலாம் என்று வந்தவனை
வாசலோடு அனுப்பியவர்.
விலை விழுந்தபோது
அதுவும் கடன் கணக்கில் சேர்ந்துகொண்டது.

என் எண்பதாயிரம் அவரிடம் இருந்தது,
ரெண்டு வட்டிக்கு,
பையனின் பாலிடெக்னிக்குக்கென்று.
என்னைப் போல இன்னும் பதினாறு பேர்.
நாங்களெல்லாம் முதலீட்டாளர்களாம்.
வக்கீல் நோட்டீஸ் படித்துத்தான் தெரிந்தது.

நேற்று ராத்திரி அவர் மில்லே மேடை ஏறியது.
அரவை உருளை, மோட்டார், சல்லடை, வறுக்கும் தட்டுகள்,
மேலே குப்புறக் கிடந்த பெயர்ப்பலகை.
வாங்கியவர் பரந்தாமன், இரும்பு விலைக்கு.
ஜாகீர் என்ஜினை அணைத்தான்.
எண்கள் கொஞ்ச நேரம் நடுங்கின.
காலி எடை கழித்து ஆறாயிரத்து நானூற்று இருபது கிலோ.

பின்னாலேயே பைக்கில் வந்திருந்தார் அர்த்தநாரி.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து
"இவ்வளவுதானா" என்றார்.
அப்புறம் என் முகம் பார்க்காமல்
"புரட்டாசிக்குள்ள உன் பணத்த" என்று ஆரம்பித்தார்.
நான் சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
எடைக்கூலி லாரிக்காரன் தரவேண்டியது.
இவரே நூறு ரூபாயை எடுத்து வைத்தார்.
பழக்கம்.
எனக்கும் பழக்கம், வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

காலையில் வெறும் மேடை
இருபது கிலோ காட்டியது.
இறங்கிக் கூட்டினேன்:
துரு, பழைய மாவு, சல்லடை ஆணி ஒன்று.
ஏறி வந்து பார்த்தேன்.

இன்னும் இருபது.