கால் பங்கு

ராதோய் வெல்ச்சேவின் காலணி அளவு நாற்பத்து நான்கு.
என்னுடையது முப்பத்தெட்டு.
இடைவெளியில் பழைய செய்தித்தாளைத் திணித்து
இருபத்தொன்பது படங்கள் நடந்திருக்கிறேன்.

சோஃபியாவில், ஸ்டுடியோவின் நிலவறையில்,
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
தரையில் தொட்டிகள்: ஜல்லி, மணல், சேறு,
உடைந்த ஓடு, ஓர் ஓரத்தில் வெறும் சிமெண்ட்.
திரையில் அவர் ஓசையில்லாமல் நடப்பார்.
கீழே நான் காலடி கொடுப்பேன்.

முதல் படத்தில் ரயில்பாதைக் காவலாளி.
மலை, லாந்தர், படம் முழுக்க ஒரே வசனம்:
'இன்றைக்கு வண்டி வராது.'
பனி என்பது துணிப்பையில் கட்டிய சோளமாவு.
பிசைந்தால் நறநறக்கும்.
அந்தக் குளிர்காலம் முழுவதையும்
அவர் என் உள்ளங்கையில்தான் நடந்து கடந்தார்.
'நடையிலேயே குளிர் தெரிகிறது' என்று எழுதினார்கள்.
எனக்கு நகக்கண்ணில் மாவு தெரிந்தது.

பிறகு அங்கியைக் கழற்றிப்போட்ட பாதிரி.
பிறகு, புகையிலைக் கிடங்கில் பொய்க்கணக்கு எழுதும் குமாஸ்தா.
பொய்க்கணக்கு எழுதுகிறவன்
குதிகாலை அழுத்தி ஊன்றமாட்டான் என்று
நானாக முடிவு செய்தேன், யாரும் கேட்கவில்லை.
அடுத்த படம், வேறு இயக்குநர், வேறு கதை.
மனைவி விழிக்காமல் வீட்டைவிட்டு வெளியேறும் காட்சியில்
அவர் முன்பாதத்தில் நடந்துகொண்டிருந்தார்.
என்னிடமிருந்து எடுத்திருக்கிறார்.
சொல்லாமல் எடுத்திருக்கிறார்.

கர்னலுக்குப் பதக்கம் கிடைத்தது.
இடுப்பில் மணல்மூட்டை கட்டி பூட்ஸைக் கனமாக்கியதில்
எனக்கு முதுகுவலி.

புல்வெளி வேண்டுமென்றால்
வீணான ஒலிநாடாவைக் கலைத்துக் கொட்டுவேன்.
ஒருமுறை அது அவருடைய நாடா,
தணிக்கையில் வெட்டுப்பட்ட வசனங்கள்.
படத்தில் மேய்ப்பர் நிம்மதியாகப் புல்லில் நடக்கிறார்.
உண்மையில் நான் அவர் குரலின் மேல்
ஏறி நடந்துகொண்டிருந்தேன்.

எல்லோரும் பேசுவது மருத்துவமனை நடைகூடத்தைப் பற்றித்தான்.
ஆற்றில் போன பையனை அடையாளம் காட்டப்போகும் தகப்பன்.
வெறுங்கால். பதினோரு அடிகள்.
நானும் காலுறையைக் கழற்றினேன்.
ஒன்பதாவது அடியில் ஈரச் சிமெண்டில் வழுக்கி
கால் ஒரு கணம் தயங்கிவிட்டது.
திருப்பிப் பதிவுசெய்ய நேரமில்லை.
எடிட்டர் படத்தை நாலு பிரேம் இழுத்துப் பொருத்தினார்.
வெளிநாட்டில் அந்தத் தயக்கத்துக்குப் பரிசு.
எப்படி வந்தது என்று பேட்டியில் கேட்டார்கள்.
'அது எனக்கும் தெரியாது' என்றார்.
பல வருடம் அதற்காகக் கோபமாக இருந்தேன்.
பொய் சொல்லவில்லையே அவர்.

அரசு மாறியது. நாலு வருடம் படமே இல்லை.
பிறகு ஒரு தயிர் விளம்பரம்:
சமையலறை, ரப்பர் செருப்பு, எட்டு விநாடி.
அன்றைக்குத்தான் முதன்முதலாக போன் செய்தார்.
'தயிர்க்காரனுக்கும் நீங்கள்தானே?'
'நான்தான்' என்றேன்.
'சரி' என்று வைத்துவிட்டார்.

கடைசிப் படத்தில் அவர் படுத்த படுக்கை.
எனக்கு வேலையில்லை என்று நினைத்தேன்,
போர்வைச் சரசரப்பும் தண்ணீர் டம்ளரும் தவிர.
இயக்குநர் ஓர் இடத்தை நிறுத்திக் காட்டினார்.
'மாடிவீட்டில் யாரோ நடக்கிறார்கள்.'
'யார்?'
'எழுதவில்லை. யாராவது.'
அலமாரியில் அவர் காலணிகள் வரிசையாக இருந்தன,
பாதிரி, கர்னல், குமாஸ்தா,
உள்ளே மக்கிய கால்பந்துச் செய்திகளுடன்.
எதையும் எடுக்கவில்லை.
நான் வீட்டிலிருந்து போட்டுவந்த செருப்பு.
முப்பத்தெட்டு.

திரையில் ராதோய் கண்ணை உயர்த்துகிறார்.
கூரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
பார்வை மெல்லப் போகிறது,
நடுவில் நிற்கிறது, மறுபடி போகிறது.
படமெடுத்த அன்று அங்கே எந்த ஓசையும் இல்லை.
ஒன்றுமில்லாததை அத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து
அவர் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்குள்
நான் நடந்துபோனேன்.
அவர் நின்ற இடத்தில் நின்றேன்.